கிழிச்ச பாதியும் கிழிக்காத முழுசும்

(போன ஞாயித்துக்கிழமை தென்னாப்பிரிக்கா டர்பன்ல எங்க சங்கத்து ஹால்ல நான் பேசினது. தம்பி ஒருத்தர் போன்ல ரெக்கார்ட் பண்ணி குடுத்தார், அத கேட்டு கேட்டு நானே டைப் பண்ணேன். மேடையில சொல்ல மறந்த ரெண்டு விஷயத்த நடுவுல சேத்திருக்கேன், கூட்டத்துக்கு வந்தவங்க மன்னிச்சுக்கோங்க.)

வணக்கம். பெரியவங்க, அக்காமாருங்க, பின்னாடி கதவோரமா நின்னுக்கிட்டு டீ எப்ப வரும்னு பாக்குற தம்பிங்க, எல்லாருக்கும் வணக்கம். இந்த மைக்ல எப்பவும் திருக்குறள் பேசுவாங்க, இல்லன்னா 1860-ல ட்ரூரோ கப்பல்ல நம்ம ஆளுங்க வந்து இறங்கின கதை பேசுவாங்க. இன்னைக்கு குப்பைய பத்தி பேச ஒருத்தன கூப்ட்டிருக்காங்க. குப்பைங்கறது என் வார்த்தை இல்ல, என் சம்சாரத்தோட வார்த்தை, முப்பது வருஷமா அதத்தான் சொல்லிட்டு இருக்கா. (சிரிப்பு)

இந்த பேக்கர்ஸ் பிஸ்கட் டின்னுல இருக்குறது எல்லாம் பழைய டிக்கெட்டு. மேட்ச் டிக்கெட்டு, கச்சேரி டிக்கெட்டு, முக்கால்வாசி கிழிஞ்சது. கேட்ல நிக்குறவர் ஓட்டை ஓட்டையா போட்ட கோட்டுல டர்ருனு கிழிச்சு ஒரு பாதிய அவர் பொட்டியில போட்டுக்குவார், ராத்திரி கலெக்‌ஷன் கணக்கு பாக்க. மீதி பாதி நம்ம கையில வரும், செக் புக்ல அடிக்கட்டைனு சொல்றோமே அந்த மாதிரி. ஸீட் நம்பர் அதுலதான் இருக்கும், மழை வந்து ஆட்டம் நின்னா அத காட்டித்தான் கேக்கணும். அமெரிக்காவுல பேஸ்பால் டிக்கெட்ல அந்த பாதிக்கு ரெயின் செக்னே பேரு அச்சடிச்சிருப்பாங்க. ஆட்டம் முடிஞ்சா அதுக்கு வேலை முடிஞ்சுது, எல்லாரும் கீழ போட்டுட்டு போயிடுவாங்க, நான் பொறுக்குவேன்.

இந்த கிறுக்கு எனக்கு எங்கப்பாகிட்டருந்து வந்தது. அப்பாவுக்கு கார்ப்பரேஷன்ல வேலை, நாங்க கார்ப்பரேஷன் வேலைக்காரங்க குடியிருப்பு மேகஸின் பேரக்ஸ்ல இருந்தோம், அப்புறம் அறுபதுகள்ல எல்லாரையும் இந்தியருக்குனு ஒதுக்கின சாட்ஸ்வொர்த்துக்கு அள்ளிட்டு போனாங்கல்ல, அதுல நாங்களும் ஒண்ணு. வாரம் ஆறு நாள் வேலை, ஞாயித்துக்கிழமை கரீஸ் ஃபவுண்டன். பொட்டானிக் கார்டன் பக்கத்துல இருக்குற கிரவுண்டு, கரீங்கற கவுன்சிலர் ஒருத்தர் அந்த காலத்துல ஊருக்கு தண்ணிக்காக தோண்டின கிணத்தால வந்த பேரு. 1961-ல நிறம் பாக்காத சாக்கர் லீக் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, யாரு வேணா யாரோட வேணா ஆடலாம்னு. அவங்களுக்கு முனிசிபாலிட்டி கிரவுண்டுங்கள குடுக்காமலே அந்த லீக்க கழுத்த நெரிச்சாங்க, ஆடுறவனுக்கு கிரவுண்டு இல்லன்னா டிக்கெட் எங்கருந்து வரும்? அதனாலதான் அந்த கால டிக்கெட்டு அவ்வளவு கம்மியா கிடைக்குது. எங்கப்பா டின்னுல நாலு இருந்தது, ரோஸ் கலர் மெல்லிசு பேப்பர், ரெண்டு விரல் அகலம், ஒரு நம்பர், அவ்வளவுதான், டீம் பேரு கிடையாது தேதி கிடையாது. பஸ் டிக்கெட் மாதிரி ரோல்ல இருந்து கிழிச்சு குடுத்தது. ஆனா பின்பக்கம் அப்பா பென்சில்ல எழுதி வச்சிருப்பார், அதுக்கு அப்புறம் வரேன்.

கிங்ஸ்மீட் கிரிக்கெட் கிரவுண்டுல கதையே வேற. அந்த காலத்துல அங்க நமக்குன்னு தனியா ஒரு மூலை ஒதுக்கி வச்சிருப்பாங்க, லாணிங்க, அதான் வெள்ளைக்காரங்க, உக்கார்ற நிழல் பக்கம் போக முடியாது. அந்த மூலையில இருந்து நம்ம ஆளுங்க வெளியூர் டீமுக்குத்தான் கை தட்டுவாங்க, எந்த நாடா இருந்தாலும் சரி. எங்கப்பா ஆஸ்திரேலியாவுக்கு தட்டினாராம், இங்கிலாந்துக்கும் தட்டினாராம், இங்கிலீஷ்காரன் நம்மள கப்பல்ல ஏத்தினவன்தானேப்பானு கேட்டா, "அது வேற கணக்குடா"ம்பார்.

1992 நவம்பர்ல இந்தியா வந்தது. தென்னாப்பிரிக்காவ மறுபடி கிரிக்கெட்ல சேத்ததுக்கு அப்புறம் நம்ம மண்ணுல முதல் டெஸ்ட்டு, கிங்ஸ்மீட்ல, 13-ம் தேதி வெள்ளிக்கிழமை ஆரம்பம். நான் சனிக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் வாங்கினேன், எந்த ஸ்டாண்டுல வேணும்னு கவுன்ட்டர்ல கேட்டாங்க, எனக்கு ஒரு நிமிஷம் என்ன சொல்றதுனே தெரியல. இதோ, இதுதான் அந்த பாதி, கிழிச்ச இடம் கோட்டுல போகாம குறுக்கால போயி ஸீட் நம்பரோட கடைசி எழுத்த சாப்ட்டிருக்கு பாருங்க. அன்னைக்குத்தான் டெண்டுல்கர் 11 ரன்ல ரன் அவுட்டு, ஜான்டி ரோட்ஸ் எறிஞ்சது. கிரவுண்டுல நின்ன அம்பயர் கையத் தூக்கல, டிவி பாத்துட்டு இருக்குற இன்னொரு அம்பயர்கிட்ட கேட்டாரு, டெஸ்ட் கிரிக்கெட்ல அப்படி டிவி பாத்து அவுட் குடுத்த முதல் ஆளு டெண்டுல்கர்தான். எங்களுக்கு அது சரித்திரம்னு அப்ப யாருக்கு தெரியும், கிரவுண்டே சும்மா நிக்குது, அப்பா என்கிட்ட "என்னடா, எங்க போயி கேக்குறான்?"னார். அவுட்டுனு வந்ததும் பாதி பேர் கை தட்டறாங்க பாதி பேர் ஐயோங்கறாங்க. அப்பா ரெண்டும் பண்ணல. சோத்து டப்பாவ தொறந்து எனக்கு ஒரு ரொட்டி குடுத்தார். எழுபது வயசு மனுஷன், யாருக்கு தட்டறதுனு குழம்பி நான் பாத்தது அன்னைக்கு ஒரு நாள்தான்.

சரி, காசு கதைக்கு வரேன், அதத்தான் எல்லாரும் கேக்குறீங்க. அண்ணே இதெல்லாம் என்ன விலைக்கு போகும்? அமெரிக்காவுல டிக்கெட்ட பிளாஸ்டிக் கவர்ல சீல் பண்ணி மார்க் போட்டு குடுக்குற கம்பெனியே இருக்கு. அங்க பொதுவா கிழிக்காத முழு டிக்கெட்டுக்குத்தான் விலை ஜாஸ்தி. மைக்கேல் ஜோர்டன் 1984 அக்டோபர்ல சிகாகோவுல ஆடின முதல் என்பிஏ பேஸ்கட்பால் மேட்ச், அதோட முழு டிக்கெட் ஒண்ணு 2022 பிப்ரவரியில ஏலத்துல 4,68,000 டாலருக்கு போச்சு. அது ஏன் முழுசா இருந்துச்சு தெரியுமா? காலேஜ்ல படிச்சுட்டு இருந்த ஒரு பையனுக்கு ரெண்டு டிக்கெட் கிடைச்சுது, கூட வர ஒரு ஃப்ரெண்டு கூட சிக்கல, தனியா போனான், ஒண்ணு கிழிஞ்சுது இன்னொண்ணு கிழியாம பாக்கெட்லயே இருந்துச்சு. ஆளு கிடைச்சிருந்தா அந்த காசு இல்ல. இத நினைச்சா எனக்கு சிரிப்பு வரும், கொஞ்சம் பாவமாவும் இருக்கும்.

ஆனா அதே ஏலத்துல ஒரு கிழிச்ச பாதியும் வந்துச்சு. 1947 ஏப்ரல் 15, ப்ரூக்ளின்ல எபெட்ஸ் ஃபீல்டு, ஜாக்கி ராபின்சன் பேஸ்பால் பெரிய லீக்ல ஆடின முதல் நாள், கருப்பன்னு வெளிய வச்சிருந்த கதவ தொறந்து உள்ள போன நாள். அந்த பாதி டிக்கெட் 4,80,000 டாலர். முழுச விட பன்னெண்டாயிரம் கூட! செய்திய படிச்சுட்டு நான் வீட்ல கத்தினேன், சம்சாரம் யாரோ செத்துட்டாங்கனு ஓடி வந்தா.

என் கணக்கு ரொம்ப சிம்பிள். முழு டிக்கெட்டுனா ஒருத்தன் போகல. வித்துப்போகாம கிடந்திருக்கும், இல்ல காய்ச்சல் வந்திருக்கும், இல்ல பஸ்ஸ விட்டிருப்பான். 2010 உலகக் கோப்பை ஃபுட்பால் நடந்தப்ப, ஜூலை 7 நம்ம மோசஸ் மபிடா ஸ்டேடியத்துல ஜெர்மனி ஸ்பெயின் செமிஃபைனல், 73-வது நிமிஷம் புயோல் தலையால முட்டின ஒரே கோல்ல ஸ்பெயின் ஜெயிச்சுது. அன்னைக்கு சாயங்காலம் பெரிய மனுஷங்களோட சொந்த ப்ளேனுங்க டர்பன் ஏர்போர்ட்ல இடத்த அடைச்சு நின்னதுல பல ப்ளேனுங்க இறங்க முடியாம லேட்டாகி, சிலது வந்த வழியே திரும்பிப் போயி, நூத்துக்கணக்கான பேர் மேட்ச்ச தவற விட்டாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சே. அவங்க கையில இருந்தது எல்லாம் முழு டிக்கெட்டுதான், மடிப்பு கூட இருக்காது. வியாபாரி அதுக்குத்தான் கூட குடுப்பான். எனக்கு சும்மா குடுத்தா கூட வேணாம்.

2003 மார்ச் 3 டிக்கெட்ட பாருங்க, இது மழையில ஊறினது, மை எல்லாம் கலைஞ்சு நீலமா ஓடியிருக்கு. தென்னாப்பிரிக்கா ஸ்ரீலங்கா, கிங்ஸ்மீட், உலகக் கோப்பை. நான் சொல்லணுமா? 45-வது ஓவர், பந்து போடறது நம்ம முரளி, அஞ்சாவது பந்த பவுச்சர் சிக்ஸ் தூக்கினான், ஸ்கோர் 229, போதும் ஜெயிச்சாச்சுனு கடைசி பந்த சும்மா கட்டை போட்டான், மழையில ஆட்டம் நின்னுச்சு, மழை வந்தா இலக்க கணக்கு போட்டு சொல்ற டக்வொர்த் லூயிஸ் பேப்பர்ல 229-னா டை, ஜெயிக்க 230 வேணும். ஒரு ரன்னு. சொந்த ஊர்ல நடந்த உலகக் கோப்பையில முதல் ரவுண்டோட வெளிய. ஸ்டாண்டுல யாருக்கும் ஒண்ணும் புரியல, ஜெயிச்சோம்னு குதிச்சவங்க எல்லாம் மெதுவா உக்காந்தாங்க. இந்த டிக்கெட்ட காய வைக்க நான் பேப்பர் நடுவுல வச்சு மேல அரிசி மூட்டைய வச்சேன், மூணு நாள். அதுதான் சரியான வழி, அயர்ன் பண்ணாதீங்க, வெயில்ல போடாதீங்க.

ஏன் இவ்வளவு அடிச்சு சொல்றேன்னா, நான் ஒண்ண கொன்னிருக்கேன். 1997 அக்டோபர் 15, கிங்ஸ் பார்க் ஸ்டேடியத்துல மைக்கேல் ஜாக்சன். ஹிஸ்டரி டூரோட கடைசி ஷோ, அதுக்கப்புறம் அவர் டூரே போகல, ஆக அந்த மனுஷனோட கடைசி டூர் முடிஞ்சது நம்ம டர்பன்ல. என் தங்கச்சி போயிருந்தா, டிக்கெட்ட எனக்கு குடுத்தா. 2009-ல அவர் செத்தப்ப எனக்கு பாசம் பொங்கி, ஒரு கடையில குடுத்து லேமினேட் பண்ண சொன்னேன். மெஷின்ல வெள்ளையா போச்சு, அந்த பக்கம் தோசைக்கல்லு மாதிரி கன்னங்கரேல்னு வந்துச்சு. கடைக்காரரும் பாத்தார், நானும் பாத்தேன், அவர் காசு வேணாம்னுட்டார். தெர்மல் பேப்பர் அது. அதுல மை கிடையாது, பேப்பர் மேல பூசியிருக்குற மருந்து சூடு பட்டா கருக்கும், எழுத்து வர்றதே அப்படித்தான், முழு டிக்கெட்டுக்கும் சூடு குடுத்தா முழு டிக்கெட்டும் எழுத்தாயிடும். சூடு படாம சும்மா இருந்தா எதிர்ப்பக்கமா வெளுத்துப் போகும், வெளிச்சம் ஆகாது, எண்ணெய் ஆகாது, சானிடைசர் சுத்தமா ஆகாது, மெத்து மெத்துனு இருக்குற பிவிசி ஆல்பம் கவர் கூட எழுத்த தின்னுடும். பாலியெஸ்டர் கவர்ல போடுங்க, இருட்டுல வைங்க, அதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. செலோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, பத்து வருஷத்துல மஞ்சளா கறை விடும். கடல் காத்து ஊரு இது, ராமபாணப் பூச்சி வேற இருக்கு, சமையல்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் பக்கத்துல டின்ன வைக்காதீங்க. தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல, அவ இங்கதான் மூணாவது வரிசையில உக்காந்திருக்கா. (சிரிப்பு)

ஒரு குறை மட்டும் மனசுல இருக்கு. 1996-97-ல பிரீமியர் சாக்கர் லீக்னு புதுசா ஆரம்பிச்சப்ப முதல் வருஷமே கப்பு யாருக்கு? மேனிங் ரேஞ்சர்ஸுக்கு! சாட்ஸ்வொர்த் டீமு, பெரிய பெரிய ஜோஹன்னஸ்பர்க் டீம எல்லாம் தள்ளிட்டு. நான் எத்தனை மேட்ச் போனேன், வீட்லருந்து நடந்து போற தூரம். ஒரு டிக்கெட் கூட என்கிட்ட இல்ல. மைக்கேல் ஜாக்சன் வந்தா டிக்கெட்ட பத்திரமா வைக்கிறோம், பக்கத்து தெரு பையன் கோல் போட்டா அந்த டிக்கெட்ல கடலைய மடிச்சு தின்னுட்டு வரோம். இந்த ஹால்ல யார் வீட்லயாவது அந்த சீஸன் டிக்கெட் ஒண்ணு இருந்தா, பழைய கோட்டு பாக்கெட்ல பாருங்க, பைபிள் வச்சிருக்குற வீட்ல பைபிள்ல பாருங்க, நம்ம வீட்ல பஞ்சாங்கத்துக்குள்ள பாருங்க, எனக்கு குடுக்க வேணாம், ஒரு போட்டோ போதும்.

இப்ப எல்லாம் போன்ல வருது, க்யூஆர் கோட காட்டினா பீப்புனு ஒரு சத்தம், கிழிக்க ஒண்ணும் இல்ல. என் பேரன் கேக்குறான், தாத்தா ஸ்கிரீன்ஷாட் வச்சா போதாதானு. வை ராசா, போன் மாத்தினப்ப எங்க போச்சுனு அப்புறமா என்கிட்ட வந்து கேளு. அவன் போற மேட்ச்சுக்கு நான் ஒரு கார்டுல தேதி, டீமு, கூட யாரு வந்தாங்க, என்ன தின்னாங்கனு எழுத வைக்கிறேன், பென்சில்லதான், பால்பாயின்ட் அழுத்தினா மறுபக்கம் தடம் விழும். "மாமா கூட, பன்னி சௌ, கை பூரா கிரேவி"னு எழுதியிருக்கான் ஒண்ணுல. (பன்னி சௌங்கறது ரொட்டிய குடைஞ்சு உள்ள கறி ஊத்தி குடுக்குறது.) ஸ்கோர் எழுதல. ஸ்கோர் எங்க வேணா கிடைக்கும்டா, பரவால்லனேன்.

அப்பா பென்சில்ல எழுதினத சொல்றேன்னேன்ல. கரீஸ் ஃபவுண்டன் டிக்கெட் நாலுல மூணுல வெறும் டீம் பேரு, கோல் எண்ணிக்கை. நாலாவதுல தமிழ்ல எழுதியிருக்கு: "ரெண்டு கோல். மழை. வீட்ல கோவம்." தேதி இல்ல. எந்த மேட்ச்னு கண்டுபிடிக்க நான் நாலு வருஷமா பழைய பேப்பர் எல்லாம் தேடறேன், மழை பெய்ஞ்ச ஞாயித்துக்கிழமை, ரெண்டு கோலு, அப்படி ஒண்ணா ரெண்டா இருக்கு. போன மாசம் அம்மாகிட்ட கொண்டு போய் காட்டினேன், அம்மாவுக்கு தொண்ணூறாவப் போகுது, ஞாபகம் நல்லாவே இருக்கு. கண்ணாடிய போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. நான் கேட்டேன், ஏம்மா கோவிச்சுக்கிட்டே, எப்ப நடந்துச்சு, ஞாபகம் இருக்கானு.

"எந்த ஞாயித்துக்கிழமைடா நான் கோவிச்சுக்கல?"ன்னாங்க.

டீ வந்துடுச்சு போல, தம்பிங்க நகர ஆரம்பிச்சுட்டாங்க. டின்ன இந்த மேஜையில தொறந்து வைக்கிறேன், எல்லாரும் வந்து பாருங்க, கையில எடுத்தே பாருங்க. ஆனா வடை தின்ன கையோட யாரும் வராதீங்க.