கையில் எவ்வளவு வரும்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலை, சம்பளம், வியாபாரம் இவற்றில் புழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சொற்களைக் கற்க வேண்டும் என்று கிளம்புகிற பலரும் முதலில் ஒரு பட்டியலைத் தேடுவார்கள். 'ஏ'யில் தொடங்கி 'இசட்' வரை, எதிரே தமிழ்ப் பொருள். 'பி' முடிவதற்குள் நோட்டு மூடிவிடும். காரணம் சோம்பல் அல்ல. சேலரி என்றால் சம்பளம், வேஜஸ் என்றாலும் சம்பளம், பே என்றாலும் சம்பளம், ரெம்யூனரேஷன் என்றாலும் சம்பளம் என்று எழுதிக்கொண்டே போனால் நோட்டில் நாலு வரி ஏறும், மனதில் ஒன்றுகூடத் தங்காது.

பட்டியலை விட்டுவிடுங்கள். பாடப்புத்தகம் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த ஆஃபர் லெட்டர், மாதாமாதம் வருகிற பே ஸ்லிப், ஒரு செக் புத்தகம், இவை போதும். ஒவ்வொரு சொல்லையும் பார்த்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பணத்தை யார் யாருக்குக் கொடுக்கிறார், எப்போது கொடுக்கிறார்? இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுப் பார்ப்போம். மாதம் முடிந்ததும் நிலையான தொகையாக வந்தால் சேலரி. நாள் கணக்கு, மணிக் கணக்கு, பீஸ் கணக்கில் வந்தால் வேஜஸ். பயிற்சிக் காலத்தில் கைச்செலவுக்கு என்று கொடுத்தால் ஸ்டைபண்ட். டாக்டரும் ஆடிட்டரும் வாங்குவது ஃபீஸ். விற்ற தொகையில் இத்தனை சதவீதம் என்றால் கமிஷன். ஒரு விழாவில் பேசிவிட்டு இறங்கும்போது கவரில் வைத்துக் கொடுக்கிறார்களே, அது ஹானரேரியம். கவரில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கக் கூடாது என்பதும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

திருப்பூரில் ஒருவர் 'நேற்று ஒன்றரை ஷிப்ட்' என்றால் பன்னிரண்டு மணி நேர வேலை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த அரை ஷிப்ட் ஓவர்டைம் என்று எழுதப்பட்டிருக்கிறதா, சாதாரண ஷிப்டாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதில்தான் காசு இருக்கிறது. ஓவர்டைமுக்கு வழக்கமான கூலியைப் போல் இரண்டு மடங்கு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. 'ட்வைஸ் த ஆர்டினரி ரேட்' என்ற அந்த நாலு சொல்லையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

அடுத்து ஒரு சின்ன ஒலி. எம்ப்ளாயர், எம்ப்ளாயீ. வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒன்றுபோல விழும். 'அர்' என்று முடிந்தால் கொடுக்கிறவர் அல்லது செய்கிறவர். 'ஈ' என்று முடிந்தால் பெரும்பாலும் பெறுகிறவர். ட்ரெய்னர் கற்றுக்கொடுக்கிறார், ட்ரெய்னீ கற்றுக்கொள்கிறார். செக்கின் மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதுகிறோமே, பணம் பெறுகிறவர் கணக்கில்தான் அது சேர வேண்டும் என்று அர்த்தம். சொல்லும்போது அந்தக் கடைசி 'ஈ'யை நன்றாக அழுத்துங்கள். இன்டர்வியூவில் 'மை ப்ரீவியஸ் எம்ப்ளாயர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'எம்ப்ளாயீ' என்றால், பழைய கம்பெனியே உங்களிடம் வேலை பார்த்ததாக ஆகிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சி.டி.சி. காஸ்ட் டு கம்பெனி. இந்தச் சொல்லில் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். காஸ்ட், யாருக்கு? கம்பெனிக்கு. உங்களை வேலையில் வைத்திருப்பதற்குக் கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவு. உங்கள் கைக்கு வருவது எவ்வளவு என்று அந்தச் சொல் எங்கும் சொல்லவில்லை. பக்கத்தில் பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு சின்னதுதான், மெதுவாகச் சொல்கிறேன்.

ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சி.டி.சி. என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். வீட்டில் உடனே பன்னிரண்டால் வகுத்து, மாதம் 30,000 என்று உறவினர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிடும். லெட்டரின் பின்பக்கத்தைத் திருப்புங்கள், அனெக்ஷர் என்று ஒரு தாள் இருக்கும். அதில் மாதக் கணக்கில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000. எம்ப்ளாயர் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதியில் கம்பெனியின் பங்கு, பேசிக்கில் பன்னிரண்டு சதவீதம், 1,800. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, சுமார் 720. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 480. வேரியபிள் பே, அதாவது நிலையாக இல்லாமல் கூடிக் குறைகிற பகுதி, 3,000. இந்த நான்கையும் கூட்டினால், 1,800, 720, 480, 3,000, மொத்தம் 6,000 ரூபாய். முப்பதிலிருந்து ஆறு போனால் 24,000. இதுதான் கிராஸ், அதாவது பிடித்தத்துக்கு முந்திய மாதச் சம்பளம். இதிலிருந்து உங்கள் பங்காக எம்ப்ளாயீ பி.எஃப். இன்னொரு 1,800 போகும். மிச்சம் 22,200. இதுதான் நெட், இதுதான் டேக் ஹோம். இன்னொரு முறை சொல்கிறேன்: சி.டி.சி. 30,000, கிராஸ் 24,000, நெட் 22,200. அரையாண்டுக்கு ஒரு முறை புரொஃபஷனல் டாக்ஸ், அதாவது தொழில் வரி, பிடிக்கிற மாதத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். அந்த வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது.

கிராஸ் 21,000க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு இன்னொரு பிடித்தம் வரும். உங்கள் பங்கு முக்கால் சதவீதம், கம்பெனியின் பங்கு மூன்றே கால் சதவீதம். நம் கணக்கில் 24,000 என்பதால் அது இல்லை.

கிராஜுவிட்டி உங்களுக்கு எப்போது வரும்? மறுபடியும் அதே கேள்வி, எப்போது? நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு முடிந்த பிறகு. ஓர் ஆண்டு வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம், ஒரு நாள் சம்பளத்தை மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்று வகுத்துக் கண்டுபிடிப்பார்கள். மூன்றாவது ஆண்டில் வேறு வேலைக்குப் போகிறவருக்குப் பொதுவாக அந்த 720 கைக்கு வராது. ஆனால் சி.டி.சி.யில் முதல் நாளிலிருந்தே எண்ணியிருப்பார்கள். தப்பு என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்கிறேன்.

வேரியபிள் பே பற்றி லெட்டரில் ஒரு வாக்கியம் இருக்கும். அதை விரல் வைத்து வாசியுங்கள். 'ஷல் பீ பெய்ட்' என்று இருந்தால் கொடுத்தாக வேண்டும். 'மே பீ பெய்ட்' என்று இருந்தால் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். 'அப் டு' என்று ஓர் எண்ணுக்கு முன்னால் நின்றால் அந்த எண் உச்சவரம்பு, பூஜ்யமும் அதற்குள் அடக்கம். 'அட் த டிஸ்க்ரீஷன் ஆஃப் த மேனேஜ்மென்ட்' என்றால் நிர்வாகம் மனது வைத்தால் உண்டு. பெரிய பெரிய சொற்களுக்கு அகராதி பார்க்கிறவர்கள் இந்த 'மே'யையும் 'அப் டு'வையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு சொல்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் 'மே'யைப் படியுங்கள்.

சி.டி.சி.யை விட மனம் வரவில்லை, இன்னும் ஒன்று. அடுத்த கம்பெனியில் 'வாட் இஸ் யுவர் கரண்ட் சி.டி.சி.?' என்று கேட்பார்கள். பலர் கைக்கு வருகிற 22,200ஐச் சொல்லிவிடுவார்கள். 'முப்பது சதவீதம் ஹைக் தருகிறோம்' என்பார்கள். 22,200க்கு முப்பது சதவீதம் 6,660. கூட்டினால் 28,860. பழைய இடத்தின் சி.டி.சி. 30,000. முப்பது சதவீத உயர்வு என்ற பெயரில் சம்பளம் குறைந்துவிட்டது! கேட்ட கேள்வி கம்பெனியின் செலவைப் பற்றி, சொன்ன பதில் உங்கள் கையைப் பற்றி. சி.டி.சி. கேட்டால் சி.டி.சி.யைச் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்களும் கேளுங்கள்: 'வாட் வில் பீ மை மன்த்லி டேக் ஹோம்?' இது தைரியமாகக் கேட்க வேண்டிய, மரியாதையான கேள்வி.

பி.எஃப். பாஸ்புக் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். நானும் 1,800, கம்பெனியும் 1,800, அப்படியென்றால் 3,600 ஏறியிருக்க வேண்டுமே? பாஸ்புக்கில் எம்ப்ளாயீ ஷேர் 1,800, எம்ப்ளாயர் ஷேர் 550 என்றுதான் இருக்கும். மீதி 1,250 பென்ஷன் கான்ட்ரிபியூஷன் என்ற மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. யாரும் எடுத்துவிடவில்லை.

அடுத்தது லாஸ் ஆஃப் பே. லீவு தீர்ந்த பிறகு எடுத்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஒரு நாளுக்கு எவ்வளவு வெட்டு? 24,000ஐ முப்பதால் வகுத்தால் 800, இருபத்தாறால் வகுத்தால் 923. எதால் வகுக்கிறார்கள் என்பது ஹெச்.ஆர். பாலிசியில் இருக்கும், அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் அரியர் என்றாலே கல்லூரியில் தேறாமல் நிற்கிற பேப்பர். அந்தப் பயத்தோடு பே ஸ்லிப்பில் அரியர்ஸ் என்று பார்த்தால் வயிறு கலங்கும். கலங்க வேண்டாம். எர்னிங்ஸ் பக்கத்தில் அரியர்ஸ் இருந்தால் உங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய தொகை இப்போது வருகிறது. அதே சொல் வீட்டு வரி நோட்டீஸில் இருந்தால் நீங்கள் கட்ட வேண்டிய பாக்கி. சொல் ஒன்றுதான், யார் யாருக்கு என்பதுதான் மாறுகிறது. அட்வான்ஸும் அப்படித்தான். வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்பி வர வேண்டும். சம்பள அட்வான்ஸ் அடுத்த மாதம் பிடிபடும். ஆர்டருக்கு வாங்கும் அட்வான்ஸ் கடைசி பில்லில் கழியும். வீட்டு அட்வான்ஸை ஆங்கிலத்தில் எழுதும்போது செக்யூரிட்டி டெபாசிட் என்று எழுதினால் குழப்பமில்லை.

வேலையை விடும்போது கவனிக்க வேண்டிய ஒரு தொடர்: 'நோட்டீஸ் ஆர் சேலரி இன் லூ தேர்ஆஃப்'. எழுத்தைப் பார்த்தால் 'லியூ' என்றும் 'லைவ்' என்றும் வாசிக்கத் தோன்றும், 'லூ' என்று சொன்னால் போதும். முன்கூட்டியே சொல்லிவிட்டு அத்தனை நாள் வேலை பாருங்கள், இல்லாவிட்டால் அந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போங்கள் என்று பொருள். அங்கேயும் பேசிக்கா, கிராஸா என்று பாருங்கள். நம் கணக்கில் 15,000க்கும் 24,000க்கும் உள்ள வித்தியாசம் அது. ரிலீவிங் லெட்டரும் 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' கணக்கும் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். வியாபாரச் சொற்களுக்குத் தனியாகக் கால் மணி நேரம் வைத்திருந்தேன், சி.டி.சி. தின்றுவிட்டது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விலை சொல்வது கொட்டேஷன். வாங்குபவர் ஒப்புக்கொண்டு அனுப்புவது பர்ச்சேஸ் ஆர்டர். சரக்கோடு போவது டெலிவரி சலான். பணம் கேட்பது இன்வாய்ஸ். பணம் வந்ததற்கு அத்தாட்சி ரெசீட், எழுத்தில் 'பி' உண்டு, வாயில் வராது. புரொஃபார்மா இன்வாய்ஸ் என்பது முன்கூட்டிக் காட்டுகிற மாதிரிக் கணக்கு, அதை வைத்து வரிக் கணக்கு எழுதக் கூடாது. டியூ என்றால் கட்ட வேண்டிய நாள் இருக்கிறது, ஓவர்டியூ என்றால் அது தாண்டிவிட்டது. சிறு தொழில் செய்கிறவர்கள் பதிவு செய்திருந்தால், எழுத்தில் எவ்வளவு கெடு போட்டிருந்தாலும் நாற்பத்தைந்து நாளுக்குள் வாங்குபவர் பணம் தர வேண்டும், 2006ஆம் ஆண்டுச் சட்டம் அது. மார்ஜினும் மார்க்கப்பும் ஒன்றல்ல. 80 ரூபாய்க்கு வாங்கி 100க்கு விற்றால் லாபம் 20. விற்ற விலையில் பார்த்தால் மார்ஜின் இருபது சதவீதம், வாங்கிய விலையில் பார்த்தால் மார்க்கப் இருபத்தைந்து சதவீதம். பார்ட்டி எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். டர்ன்ஓவர் என்பது மொத்த விற்பனை, அதை லாபம் என்று லோன் ஃபாரத்தில் எழுதிவிடாதீர்கள்.

விரலும் இறங்கிவிட்டது. நன்றி, வணக்கம்.