கம்பனுக்குப் போகும் வழி வண்ணார்பேட்டை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாளையங்கோட்டைப் பெரியவர்களே, பின்வரிசையில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இலக்கியத்தை எதில் தொடங்கிச் சொல்லித்தருவது, பழையதிலா புதியதிலா? இதுதான் இன்றைய கேள்வி. புதியதில் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய அக்கா, "கம்பனைத் தெரியாத பிள்ளைக்குப் புதுமைப்பித்தன் எப்படிப் புரியும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் புதுமைப்பித்தன் கதை ஒன்றை வகுப்பில் வாசித்துப் பார்த்துவிட்டு அக்கா கேட்டிருக்கலாம்.

அவருடைய 'சாப விமோசனம்', 1943-இல் வந்தது. ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இது பிடிக்காமல்கூடப் போகலாம் என்று மனுஷர் முதலிலேயே எழுதி வைத்துவிட்டார். கல்லாகக் கிடந்து, ராமனின் பாதத் தூசி பட்டு எழுந்த அகலிகையைப் பார்க்க, காடும் போரும் முடிந்து சீதை வருகிறாள். தீக்குளித்ததைச் சொல்கிறாள். ராமனா கேட்டான் என்று அகலிகைக்குப் பொறுக்கவில்லை. தனக்கு ஒரு நியாயம், சீதைக்கு ஒரு நியாயமா? கடைசியில் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். பதினோராம் வகுப்பில் இதை வாய்விட்டு வாசியுங்கள். அகலிகை யார் என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பாதிப் பேருக்கு வீட்டில் ஆச்சியே சொல்லியிருப்பாள். முடித்ததும் வகுப்பில் சண்டை வரும். ராமனுக்கு ஒரு கூட்டம், அகலிகைக்கு ஒரு கூட்டம். கம்பனை எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

பாலகாண்டம், அகலிகைப் படலம். கௌதமன் வேஷத்தில் இந்திரன் வருகிறான். வந்திருப்பவன் தன் கணவன் இல்லை என்று அகலிகைக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் 'தக்கது அன்று என்ன ஓராள்', அதாவது இது தகாது என்று அவள் எண்ணவில்லை என்று எழுதுகிறான் கம்பன். அதே படலத்தில், கொஞ்சம் தள்ளி, 'நெஞ்சினால் பிழைப்பு இலாளை' ஏற்றுக்கொள் என்று கௌதமனிடம் விசுவாமித்திரனைச் சொல்லவும் வைக்கிறான். இரண்டும் ஒரே கை எழுதியது! தெரிந்தும் விலகாதவள் நெஞ்சில் பிழை இல்லாதவளா? கம்பன் அவளை மன்னித்துவிட்டானா, இல்லை நாம் நினைக்கிற பிழை வேறு, அவன் நினைத்த பிழை வேறா? கதையைப் படித்துச் சூடேறிய பிள்ளை இந்த இரண்டு வரியை விடவே விடாது. ஒப்பிட்டுப் படிப்பது என்றால் இதுதான் நடுவர் அவர்களே. எது உசத்தி என்று மார்க் போடுவது இல்லை.

அக்கா சொன்ன வழியில் போனால்? 'பா நயம் பாராட்டுக' என்று தேர்வில் ஒரு கேள்வி உண்டு. மையக்கருத்து, எதுகை, மோனை, சந்தம், அணி. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரே விடையைப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறார்கள். தாலாட்டுக்கும் அதே, ஒப்பாரிக்கும் அதே.

கம்பனில் தோய்ந்த ரசிகமணி டி.கே.சி.யையும் அக்கா துணைக்கு அழைத்தார்கள். நம்ம ஊர்க்காரர், யாரும் கூப்பிடலாம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் அவர் கம்பனைப் படித்தது பரீட்சைக்காக இல்லை, கூடியிருந்து சுவைத்தார்கள். இது கம்பன் பாட்டு இல்லை என்று தனக்குப் பட்டதைத் தள்ளவும் செய்தார். புலவர்கள் கோபப்பட்டார்கள். அந்தத் துணிச்சலைப் பதினாறு வயதுக்குக் கொடுப்பீர்களா என்பதுதான் என் கேள்வி. அப்புறம், புதுமைப்பித்தன் வளர்ந்ததும் அதே வண்ணார்பேட்டைதான்.

இன்னொன்று, நம் மண்ணிலிருந்தே. வண்ணநிலவனின் 'எஸ்தர்' சிறுகதை. மழை பொய்த்து ஊரே காலியாகிறது. கிளம்ப வேண்டிய குடும்பத்தில் நடக்க முடியாத கிழவி ஒருத்தி. அவளை என்ன செய்வது? எஸ்தர் செய்ததை ஆசிரியர் உடைத்துச் சொல்வதில்லை. வாசிக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். இதைப் படித்த கையோடு சீவலப்பேரிப் பக்கத்து உழவர்களைப் பாடுகிற பழைய நூலான முக்கூடற்பள்ளைத் திறந்தால், 'ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி' என்று பள்ளர்கள் கொண்டாடுகிறார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி தெருவுக்குள் வந்ததைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். வெள்ளம் வரப்போகிறது என்றால் எதற்கு இத்தனை சந்தோஷம் என்று கேட்பார்கள். எஸ்தரின் காய்ந்த ஊர் மனசில் இருந்தால் அவர்களே பதிலும் சொல்வார்கள்: வராமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவன்தான் அப்படிப் பாடுவான். கோனார் உரை தேவைப்படாது.

சிறுகதையோடு நிறுத்திக்கொண்டு பழையதைத் தொடாமலே விட்டுவிடுகிற ஆசிரியர்களும் உண்டு. அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை.

அடுத்துப் பேச வரும் அண்ணாச்சி ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். முதலில் கம்பனை முடித்துவிட்டு அப்புறம் புதுமைப்பித்தன் என்கிறீர்கள். சரி. கம்பன் பாட்டு பத்தாயிரத்துக்கும் மேலே. எந்த வகுப்பில் முடிப்பீர்கள்?