பழைய ரிலீஸ் நோட்ஸை வைத்திருப்பதா, தூக்கிவிடுவதா?

[திரையில்: போஸ்ட்கிரெஸ் 15-இன் ரிலீஸ் நோட்ஸ் பக்கம்]

வணக்கம். ஒரு வெர்ஷனில் என்னென்ன மாறியது என்று எழுதிவைப்பதுதான் ரிலீஸ் நோட்ஸ். புது வெர்ஷன் வந்த பிறகு பழைய ரிலீஸ் நோட்ஸை யார் படிக்கப் போகிறார்கள் என்று பலரும் கேட்பார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

உங்கள் சர்வரில் 9.6 ஓடுகிறது. 2016-இல் வந்த வெர்ஷன். அதை நேராக 15-க்கு ஏற்றப் போகிறீர்கள். 15-இன் நோட்ஸை வரி விடாமல் படித்தாயிற்று. சரி, போதுமா?

[திரையில்: பழைய பேக்கப் ஸ்கிரிப்ட், ஒரு வரி மட்டும் மஞ்சளில்]

இந்த வரி ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்ற ஃபோல்டரைத் தேடுகிறது. அதன் பெயர் 10-ஆம் வெர்ஷனிலேயே ‘பிஜி_வால்’ என்று மாறிவிட்டது. அப்புறம், ரெப்ளிகா சர்வரில், அதாவது முதன்மை சர்வரின் நகலாக ஓடும் சர்வரில், ‘ரெக்கவரி.கான்ஃப்’ ஃபைல் இருக்கிறதே, அதை 12-இல் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்த செட்டிங்குகள் எல்லாம் முதன்மை கான்ஃபிக் ஃபைலுக்குப் போய்விட்டன. பழைய ஃபைல் அங்கேயே கிடந்தால் சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது. இதையெல்லாம் 15-இன் நோட்ஸில் தேடினால் கிடைக்காது. 10-இலும் 12-இலும்தான் எழுதியிருக்கிறது.

[திரையில்: ஐந்து வெர்ஷன்களின் கையேடுகள், அடுக்காக]

பராமரிப்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆண்டுக்கு ஒரு பெரிய வெர்ஷன், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. முன்பெல்லாம் ஒவ்வொரு வெர்ஷனின் கையேடும் பழைய வெர்ஷன்களின் நோட்ஸ் முழுவதையும் சுமந்தது. பழைய கிளையில், அதாவது இன்னும் ஆதரவில் இருக்கும் பழைய பெரிய வெர்ஷனில், ஒரு திருத்தம் வந்தாலும், அதன் குறிப்பைப் புதிய கிளைகளிலும் சேர்த்தாக வேண்டும். கையேடு வீங்கிக்கொண்டே போனது.

2019-இல் இதற்கு முடிவு கட்டினார்கள். இப்போது ஒவ்வொரு கையேட்டிலும் அந்த வெர்ஷனுக்கான நோட்ஸ் மட்டும். பழையவை, முன்னோடியான போஸ்ட்கிரெஸ்95 காலத்தவை உட்பட, இணையதளத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. கையேட்டிலிருந்து அங்கே போக இணைப்பும் உண்டு.

என்னைக் கேட்டால் இதுதான் சரியான வழி. ஆதரவு முடிந்த வெர்ஷன்தானே என்று அதன் நோட்ஸை அழிப்பதை மட்டும் ஏற்கவே முடியாது. அந்த வெர்ஷனிலிருந்து கிளம்பி வருகிறவருக்குத்தான் அது கட்டாயம் வேண்டும்.

[திரையில்: 12-இன் நோட்ஸ், மைக்ரேஷன் பகுதி]

அப்கிரேட் செய்யும் முன் 10 முதல் 15 வரை ஒவ்வொரு பெரிய வெர்ஷனின் நோட்ஸையும் திறந்து, முதலில் இந்த மைக்ரேஷன் பகுதியைப் படியுங்கள். எது ஒத்துப்போகாது என்று இங்கேதான் சேர்த்து எழுதியிருப்பார்கள்.