மச்சுல கெடக்குற டூ இன் ஒன்னை ஆக்கர் கடையில போட்டுறலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம் மக்களே. இண்ணைக்கு எடுத்திருக்க கேள்வி கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்புனது. அப்படியே படிச்சிருதேன்.

"அண்ணே, எங்க அப்பா சவுதியில இருந்து லீவுல வந்தப்போ கொண்டுவந்த டூ இன் ஒன் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேந்த செட்டு) ஒண்ணு மச்சுல கெடக்கு. கூடவே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கேசட். பிளே அமுக்குனா உள்ள மோட்டார் கூவுது, டேப் சுத்த மாட்டேங்குது. வீட்டுக்காரரு ஆக்கர் கடையில (பழைய சாமான் எடுக்குத கடை) போட்டுருன்னு சொல்லுதாரு. அம்மை விட மாட்டேங்குதாங்க. அப்பாவுக்கு, அந்த செட்டுல பாட்டு கேட்ட சுகம் இப்ப எதுலயும் இல்லைன்னு ஒரே பேச்சு. அது நெசமா? அதை சரியாக்க முடியுமா?"

தங்கச்சி, அப்பா சொல்லுதது பாதி சரி. எந்தப் பாதின்னு சொல்லுதேன், அவிய பக்கத்துல இருந்தா போன் சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சுக்கிடுங்க.

முதல்ல ஒண்ணு. கேசட்டு நல்ல சத்தத்துக்குன்னு பொறந்த சாமானே இல்ல. 1963-ல பெர்லின் கண்காட்சியில பிலிப்ஸ் அதைக் கொண்டுவந்து வச்சாங்க. அந்த வேலைக்குத் தலைமை லூ ஓட்டன்ஸ்னு ஒரு டச்சு இன்ஜினியர். அவரு கோட்டுப் பையில அடங்குத அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி வச்சுக்கிட்டு, மெஷின் இந்த அளவுக்குள்ள வரணும்னு வேலை பாத்தவரு. அப்ப அளவுதான் முதல்ல, சத்தம் பொறவுதான். அதே மனுஷனுக்கு பிற்பாடு சி.டி. உண்டாக்குன வேலையிலயும் பங்கு உண்டும். பெத்தவரே அடுத்த பிள்ளையைத் தூக்கிட்டு நடந்துட்டாரு, நாமதான் மூத்தவனைக் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டு நிக்கோம்.

கேசட் டேப்போட அகலம் 4 மில்லிமீட்டர் கூட வராது, 3.81. ஸ்டீரியோ பதிவுன்னா அதுல ஒரு பக்கத்துப் பாட்டுக்கு ரெண்டு தடம், மறுபக்கத்துக்கு ரெண்டு தடம், ஆக நாலு தடம். ஓடுத வேகம் ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ரேடியோ ஸ்டேஷன்ல வச்சிருந்த பெரிய ஸ்பூல் டேப்பு விநாடிக்கு 19, 38 சென்டிமீட்டர்னு பாயும். வேகம் கூடுனா சத்தம் தெளியும், உஸ்ஸுங்கிற இரைச்சல் கொறையும். நம்ம கேசட்டு அம்மாசி ராத்திரி மாட்டுவண்டி மாதிரி போற சாதனம், அதுல அவ்வளவு பாட்டு ஏறுனதே பெரிய காரியம்.

டேப்புல பூசியிருக்கது என்னன்னு தெரியுமா? பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. குளச்சல், முட்டம் பக்கம் ஜன்னல் கம்பியைத் தின்னு தீக்குதே துரு, அதுக்குத் தம்பி முறை. சின்ன வயசுல செத்துப்போன ஸ்பீக்கரை உடைச்சு காந்தத்தை எடுத்துக்கிட்டு மணவாளக்குறிச்சி கடற்கரைக்கு ஓடுவோம். கருமணல்ல உருட்டி எடுத்தா முள்ளம்பன்றி மாதிரி சிலுத்துக்கிட்டு நிக்கும். அதே காந்தத்தைக் கொண்டுவந்து அண்ணனோட கேசட் பெட்டிமேல வச்சிட்டு, பாட்டு அழிஞ்சு அடி வாங்குன கதையும் உண்டும். அது கெடக்கட்டும்.

அப்பா சொல்லுததுல சரியான பாதி ஸ்பீக்கர். நீங்க இப்ப போன்ல பாட்டு போட்டா, அதுல இருக்க ஸ்பீக்கரு நகத்தளவு. டூ இன் ஒன்ல நாலு இஞ்சு காகித கோன், அதுக்குப் பின்னால ஒரு பெட்டி, பெட்டிக்குள்ள காத்து. தவில் அடிச்சா காத்தைத் தள்ளுததுக்கு ஆளு வேணும்லா? நகம் எங்க தள்ளும்? அதனால அப்பா போனையும் செட்டையும் வச்சுப் பாத்து செட்டுதான் நல்லதுன்னு சொன்னா, அவிய காது சரியாத்தான் சொல்லுது. போனை ஒரு நல்ல ஸ்பீக்கர்ல மாட்டி அதே பாட்டைப் போட்டுக் காட்டுங்க. ஒத்துக்கிட மாட்டாங்க. ஆனா ஒரு நிமிஷம் பேசாம இருப்பாங்க.

ஓர்மை, அதாவது ஞாபகம், அது வேற விஷயம். நான் தக்கலையில வேலை படிச்ச கடையிலே பாட்டுப் பதிவும் உண்டும். ஒரு தாள்ல பன்னெண்டு பாட்டு எழுதி, ஒரு காலி சி-60 கேசட்டைக் கையில கொடுத்தா, ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுவோம். ஒரு பக்கம் 30 நிமிஷம். கணக்கு தப்பிச்சுன்னா கடைசிப் பாட்டு நடுவுல அந்து போவும். என் கேசட்டுல ஒரு பாட்டு ரெண்டாம் சரணத்துல டக்குன்னு நிக்கும். இண்ணைக்கு அந்தப் பாட்டை முழுசா போன்ல கேட்டாலும், அந்த இடம் வரும்போது டக்குக்காக காது காத்துக்கிட்டு நிக்குது. இதைப் போயி நல்ல சத்தம்னு எப்படிச் சொல்ல? ஆனா அந்தப் பாட்டை நான் வேற மாதிரி விரும்புதேன்னு சொல்லலாம்.

ரேடியோவுல மட்டும் எனக்கு வேற அபிப்பிராயம் உண்டும். டூ இன் ஒன்ல ஒரு பாதி ரேடியோலா, அதைப் பத்தி யாரும் கேக்க மாட்டேங்குதீங்க. நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இலங்கை வானொலி ஏன் பக்கத்து வீட்டுல பேசுத மாதிரி கேட்டுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? கன்னியாகுமரியில இருந்து கொழும்பு நேர்கோட்டுல சுமாரா 280 கிலோமீட்டர். சென்னை 600-க்கும் மேல. இது ஒரு காரணம். இன்னொண்ணு, நடுவுல கெடக்கது உப்புத்தண்ணி. மீடியம் வேவ் அலை தரையை ஒட்டிப் போவும், காஞ்ச தரையில கொஞ்ச தூரத்துலயே தளந்துரும். உப்புத்தண்ணி மின்சாரம் கடத்துததனால கடல்மேல அதே அலை வழுக்கிக்கிட்டு வரும். நாம காலையில பல்லு தேய்ச்சுக்கிட்டே கேட்டது அதனாலதான். அங்க அறிவிப்பாளரா இருந்த கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது இவிய குரலெல்லாம் நமக்கு மாமன் மச்சான் குரல் மாதிரி. முள்ளை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புனா திருவனந்தபுரம், மலையாள வார்த்தை, அதான் செய்தி. அம்மை அதைக் கேட்டு முடிச்சாத்தான் நமக்குப் பாட்டு.

ராத்திரி கதை இன்னும் விசேஷம். மேல வானத்துல ஒரு அடுக்கு பகல் வெளிச்சத்துல உண்டாகி மீடியம் வேவை உறிஞ்சிப்போடும். சூரியன் அடைஞ்சா அந்த அடுக்கு காணாம போவும். அதுக்கும் மேல இருக்க அடுக்கு அலையைத் திருப்பி அடிக்கும். அப்பதான் எங்கெங்கோ இருக்க ஸ்டேஷனெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு வரும், நடுவுல ஒரு பாட்டு அலை மாதிரி ஏறி இறங்கும். பொறவு 1984-ல நாகர்கோவில்லயே வானொலி நிலையம் வந்துது. இந்தியாவுலயே முதல் உள்ளூர் வானொலி நிலையம்னு அதுக்கு ஒரு பேரும் உண்டும். சத்தம் சுத்தம். ஆனா முள்ளைத் தேடித் திருப்புத கை வேலை போச்சு. எனக்கு டேப்பைவிட அந்தத் திருப்புததுதான் இப்பமும் தேடுது. சரி, கேள்விக்கு வாறேன், இல்லேன்னா கமெண்டுல ஏசுவீங்க.

மோட்டார் கூவுது, டேப் சுத்தலைன்னா தொண்ணூறு பங்கு பெல்ட்டுதான். உள்ள மெல்லிசா ஒரு ரப்பர் பெல்ட் உண்டும். முப்பது நாப்பது வருஷம் சும்மா கெடந்தா அது ஒண்ணு தளந்து நீண்டு கெடக்கும், இல்லேன்னா உருகித் தாரு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். ரப்பர்த் தோட்டம் வச்சிருக்க குலசேகரத்துக்காரங்க ரப்பரைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், இது வேற ரப்பர். அந்தத் தாரைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வச்சுத் துடைச்சு எடுக்குததுதான் வேலை, கையெல்லாம் கருத்துப் போவும். புது பெல்ட்டு ரெண்டு சாயா, ரெண்டு பழம்பொரி காசுதான். கூடவே ஹெட்டு (டேப்புல உரசிப் பாட்டை எடுக்குத பாகம்), அதுக்குப் பக்கத்துல இருக்க ரப்பர் உருளை ரெண்டையும் துடைக்கணும். உருளையில பழைய டேப்போட துரு கட்டியா ஒட்டியிருக்கும், அந்தப் பிசுக்குதான் டேப்பை இழுத்து மெல்லுதது.

இப்ப நான் செஞ்ச தப்பைச் சொல்லுதேன். ரொம்ப வருஷத்துக்கு முன்ன ஒரு ஆச்சி கடைக்கு வந்தாங்க, குளச்சல் பக்கம். கையில ஒரே ஒரு கேசட்டு, முந்தானையில பொதிஞ்சு. அவங்க வீட்டுக்காரரு கல்ஃபுல இருந்த மகனுக்குப் பேசி அனுப்புனது. அப்ப அதுதானே வழக்கம்? போன் போட்டா காசு கரையும். போற வாற ஆள்கிட்ட கேசட்டுல பேசிக் கொடுத்துவிட்டா போதும். மகன் அதைப் பத்திரமா திருப்பிக் கொண்டுவந்திருக்கான். ஆச்சியோட வீட்டுக்காரரு அப்ப உயிரோட இல்ல. செட்டுல போட்டா சுத்தலை, பாருங்க மக்களேன்னு சொன்னாங்க. எனக்கு வேலை தெரியுங்கிற திமிரு. வேற ஒருத்தரு ரிப்பேருக்குக் கொடுத்த செட்டு மேசையில கெடந்தது, துடைக்கக் கூட இல்ல. அதுல போட்டு பிளே அமுக்கிட்டேன். ரெண்டு வார்த்தை வந்துது. பொறவு குரல் குழைஞ்சுது. தொறந்து பாத்தா டேப்பு உருளையில சுத்தி, இடியாப்பம் மாதிரி கெடக்கு.

பைய எடுத்தேன். கசங்கிக் கிழிஞ்ச இடம் 10 சென்டிமீட்டர் இருக்கும். அதை வெட்டிட்டு சாதாரண செல்லோ டேப்பு வச்சு ஒட்டுனேன். அதுவும் தப்பு, அதோட பசை கசிஞ்சு அடுத்த சுத்தையும் பிடிக்கும், ஒட்டுததுக்குன்னே தனி டேப்பு உண்டும். வேற செட்டுல போட்டு ஓட விட்டேன். 10 சென்டிமீட்டர்னா கணக்குக்கு ரெண்டு விநாடி, ஆச்சிக்கு என்ன தெரியப்போவுதுன்னு நெனச்சேன். அவங்க கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தவங்க, அந்த இடம் வந்ததும் கேட்டாங்க, "இதுல 'எடே மக்கா'ன்னு ஒரு விளி உண்டும்லா, அது எங்க?"

நான் குப்பைக்கூடையைத் தேடி அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போனாங்க. காசு கேக்க எனக்கு வாய் வரலை.

அதனால தங்கச்சி, முதல் காரியம்: அந்த டப்பாவுல பாட்டு கேசட்டு எது, வீட்டு ஆளு பேசுன கேசட்டு எதுன்னு பிரிச்சு வைங்க. பேச்சு கேசட்டை எந்த செட்டுலயும் இப்பம் போட வேண்டாம். வெளிச்சத்துல பிடிச்சு, கேசட்டோட கண்ணாடி வழியாப் பாருங்க. டேப்பு சுத்துமேல வெள்ளையாப் பூத்திருந்தா பூஞ்சை, நம்ம ஈரக்காத்துக்கு அது சாதாரணம். அது தெரிஞ்சவங்க கையில போறதுதான் நல்லது. அடிப்பக்கம் நடுவுல தகடுமேல சின்னதா ஒரு கம்பளித் துண்டு இருக்கும், டேப்பை ஹெட்டோட அமுத்துதது. அது விழுந்து போயிருந்தா சத்தம் மங்கும். டேப்பை வேற கூட்டுக்கு மாத்திக்கிடலாம்.

பெல்ட்டு போட்டு செட்டு சரியானதும், போனாலும் போகட்டும்னு தோணுத பாட்டு கேசட்டு ஒண்ணை அரைமணிக்கூர் ஓட விடுங்க. அது மெல்லப்படாம வந்தா, பேச்சு கேசட்டைப் போட்டு முதல்ல பிளே அமுக்காதீங்க. கடைசி வரை முன்னால ஓட்டி, திரும்பப் பின்னால ஓட்டுங்க. வருஷக்கணக்கா ஒட்டிக் கெடந்த சுத்து அப்பதான் இளகும். பொறவு செட்டோட ஹெட்போன் ஓட்டையில இருந்து ஒரு வயரு, லேப்டாப்புல மாட்டுத சின்ன யு.எஸ்.பி. சவுண்டு கார்டு ஒண்ணு. ஆடாசிட்டின்னு காசில்லாத மென்பொருள் இருக்கு, அதுல பதிஞ்சுக்கிடுங்க. சத்தம் மூடுன மாதிரி வந்தா ஹெட்டுக்குப் பக்கத்துல இருக்க சின்ன ஸ்குரூவை இம்மி திருப்புனா தெளியும், ஆனா பழகாத ஆளு அதைத் தொட வேண்டாம்.

சில கேசட்டுல ஆளு பேசத் தொடங்குததுக்கு ரெண்டு மூணு நொடி முன்னாலயே அதே பேச்சு லேசா, தூரத்துல இருந்து வாற மாதிரி கேக்கும். வெப்ராளப்பட வேண்டாம், பேய் இல்ல. சுருண்டு கெடக்கும்போது ஒரு சுத்தோட காந்தம் அடுத்த சுத்துல படிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

இப்ப புதுசா விக்குத பிளேயரை வாங்கிப் பதியலாமேன்னு சிலபேரு கேப்பாங்க. அதுக்குள்ள பெரும்பாலும் ஒரே மாதிரி மலிவான நகல் மெக்கானிசம்தான், தனாஷின்னு ஒரு பழைய ஜப்பான் டிசைனைப் பாத்து அடிச்சது. அதைவிட பெல்ட்டு மாத்துன உங்க அப்பா செட்டு எவ்வளவோ கொள்ளாம்.

பதியும்போது அம்மையைப் பக்கத்துல இருத்துங்க. பேசுதவரு குரல் உங்களுக்கே தெரியும். ஆனா பின்னால யாரோ ஒருத்தரு, இதையும் அவன்கிட்ட சொல்லுன்னு அடுக்களையில இருந்து கத்துவாங்க. அது யாருன்னு அம்மைக்குத்தான் ஓர்மை இருக்கும். பேரைக் கேட்டு ஒரு தாள்ல எழுதுங்க.

வீட்டுக்காரர்கிட்ட, ஆக்கர் விஷயத்தைப் பதிவு முடிஞ்சபொறவு பேசிக்கிடலாம்னு சொல்லுங்க. செட்டுக்குப் பின்னால பேட்டரிக் கட்டை எதாவது கெடந்தா மட்டும் இண்ணைக்கு ராத்திரியே எடுத்துப்போடுங்க, அது கசிஞ்சுதுன்னா பெல்ட்டு மாத்தியும் பிரயோஜனம் இல்ல.