தேன் உறைந்தால் கலப்படமா? தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலிருந்து

வணக்கம் மக்களே. பின்னால் கன்டெய்னர் லாரி சத்தம் கேட்கும், துறைமுகம் பக்கத்தில் இருக்கும்போது அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இந்த முருங்கைப் பூவைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். தேனீ தெரிகிறதா? தலையைப் பூவுக்குள் விட்டுக்கொண்டு, வயிறு மட்டும் மேலும் கீழும் அசைகிறது. அது இப்போது உறிஞ்சுவது தேன் இல்லை, மதுரம், அதாவது பூவில் சுரக்கும் இனிப்பு நீர். பெரும்பங்கு வெறும் தண்ணீர்தான்.

அதன் வயிற்றில் சோறு செரிக்கிற குடல் தனி, மதுரம் சுமக்கிற பை தனி. கூட்டுக்குப் போனதும் அதை இன்னொரு தேனீயின் வாயில் ஊட்டும். அது வாங்கி, கக்கி, மறுபடி உறிஞ்சி என்று வேலை நடக்கும். அந்த நேரத்தில் உமிழ்நீரிலுள்ள நொதிகள் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும். அப்புறம் அறைகளில் ஊற்றி, ராப்பகலாக இறக்கையால் விசிறும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் மெழுகு மூடி போட்டுவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த விசிறல் லேசுப்பட்ட வேலை இல்லை!

ரோட்டோரம் அன்னக்கூடையில் அடையை வைத்துக் கண்ணெதிரே பிழிந்து தருவார்களே, அதைத்தான் பலர் சுத்தம் என்று நம்புகிறார்கள். எனக்கு அதில் ஆசை இல்லை. மூடி போடாத அறையின் ஈர மதுரம், புழுவின் சாறு எல்லாம் சேர்ந்தே பிழியப்படும். சில வாரத்தில் நுரைத்துப் புளிக்கும். பெட்டித் தேனீ வளர்ப்பவர்கள் மூடிய அடையின் மெழுகைச் சீவி, இயந்திரத்தில் சுற்றி எடுப்பார்கள். அடையும் உடையாது.

சரி, இந்த பாட்டில். மார்த்தாண்டத்துப் பச்சைத் தேன், ரப்பர் தோட்டத்தில் வைத்த பெட்டியிலிருந்து எடுத்தது. அங்கே தேனீ குடிப்பது ரப்பர் பூவை அல்ல, இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பை. அடிப்பக்கம் ரவை மாதிரி உறைந்திருக்கிறது பாருங்கள். விரலில் நசுக்கினால் நறநற என்று கரைகிறது. "பாகு கலந்துட்டான்" என்று அம்மா கொட்டப் போனார். குளுக்கோஸ் கூடுதலாக உள்ள தேன் உறையத்தான் செய்யும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்துங்கள், இளகிவிடும். அடுப்பில் ஏற்றினால் நொதியும் வாசனையும் போய்விடும்.

தேன் சுத்தமா என்று தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியைத் தேனில் தொட்டுக் கொளுத்திப் பார்ப்பது எல்லாம் வீண். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் நேராக அடியில்தான் போய் உட்காரும். ஆய்வகம் இல்லாமல் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எடுப்பவர் யார் என்று தெரிந்து வாங்குவதுதான் என் வழி. மூடியை இறுக்கி வையுங்கள். கடல் காற்றின் ஈரத்தைத் தேன் இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று, இதில் நான் கறார். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று தேனை நாக்கில் தடவாதீர்கள். ஒரு வயது முடியும் வரை துளிகூட வேண்டாம். தேனில் பொட்டுலினம் என்ற, நஞ்சு சுரக்கும் கிருமியின் வித்து இருக்கலாம். நம் குடல் சமாளிக்கும், பச்சைக் குழந்தையின் குடல் சமாளிக்காது. காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. வீட்டுப் பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் குழந்தையின் டாக்டரையே பேசச் சொல்லுங்கள்.