வழிகிற தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். பண்டைய ரோம் நகரத்தின் சுகாதாரம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் முப்பது வருஷம் குடிநீர்க் குழாய்களோடு வேலை பார்த்தவன். ரோம் என்றதும் எனக்கு சீசர் நினைவுக்கு வருவதில்லை, ஃப்ரோன்டினஸ்தான் வருகிறார்.

யார் இவர்? பிரிட்டனில் ஆளுநராக இருந்து படை நடத்தியவர். கி.பி. 97இல் நெர்வா பேரரசர் இவரை நகரத்தின் தண்ணீருக்குப் பொறுப்பாக வைத்தார். அவ்வளவு பெரிய மனிதருக்குக் குழாய் வேலையா என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. தன் பொறுப்பில் உள்ள வேலையைக் கீழே இருப்பவர்கள் சொல்லிக்கொடுத்துச் செய்வதைவிட ஒரு மனிதனுக்கு வேறு கேவலம் இல்லை என்று எழுதிவைத்து, தானே கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்.

அப்போது ரோமுக்கு ஒன்பது கால்வாய்களில் தண்ணீர் வந்தது. மார்சியா கால்வாய் மட்டுமே சுமார் 91 கிலோமீட்டர். படங்களில் நாம் பார்க்கும் வளைவுகள் கொஞ்ச தூரம்தான். பெரும்பகுதி மண்ணுக்கு அடியில், சரிவை மட்டும் நம்பி ஓடியது.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஃப்ரோன்டினஸ் பேரேட்டைப் புரட்டுகிறார். குயினாரியா என்பது குழாயில் வரும் தண்ணீரைக் கணக்கிட அவர்கள் வைத்திருந்த அளவு. வரவு 12,755, விநியோகம் 14,018. வந்ததைவிட 1,263 கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்! எப்படி முடியும்? ஊற்றுக்கே ஆட்களோடு போய் அளந்தார். பேரேட்டில் இருப்பதைவிட ஏறக்குறைய 10,000 அதிகமாக வந்துகொண்டிருந்தது. அத்தனையும் வழியில் காணாமல் போயிருக்கிறது.

எங்கே போனது? தண்ணீர்க்காரர்களே விற்றிருக்கிறார்கள். இணைப்பு புதிய ஆளுக்கு மாறும்போது, தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும் தொட்டியில் புதுத் துளை போடுவார்கள், பழைய துளையை அடைக்காமல் விட்டு அந்தத் தண்ணீரைக் காசாக்குவார்கள். தெருத்தளத்துக்குக் கீழே ஓடும் குழாய்களில் ஓட்டை போட்டு வழியெல்லாம் கள்ள இணைப்பு. அவற்றைப் பிடுங்கியபோது கணிசமான ஈயம் கிடைத்ததாம். எங்கள் காலத்தில் சாலையைத் தோண்டி ஒரே குழாயில் ஏழு ஓட்டைகளைப் பார்த்த அன்று, இந்த வரிதான் மனதில் ஓடியது.

திருட்டுக்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்? இதைத்தான் சொல்ல வந்தேன். பேரரசரின் ஆணை ஒன்றை அவர் எடுத்து எழுதுகிறார். தொட்டிகளிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வழிந்தே ஆகவேண்டும், அது நகரத்தின் ஆரோக்கியத்துக்கும் சாக்கடைகளைக் கழுவுவதற்கும் தேவை, அனுமதி இல்லாமல் யாரும் அதை எடுக்கக் கூடாது. பாருங்கள், வழிகிற தண்ணீரை வீண் என்று அவர்கள் நினைக்கவில்லை. சாக்கடையைத் தள்ளிக்கொண்டு போனதே அதுதான். நடுவழியில் திருடினால் முதலில் குறைவது வழிகிற தண்ணீர். மறுபடியும் சொல்கிறேன், வழிகிற தண்ணீர். அவர் சீர்செய்த பிறகு தெருக்கள் சுத்தமாயின, காற்றும் நல்லதானது என்று பெருமையோடு எழுதுகிறார்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பொதுக் கழிப்பறைகள் பற்றி நிறைய வைத்திருந்தேன். வரிசையாகக் கல் இருக்கைகள், கீழே ஓடும் நீர், சுத்தம் செய்யக் குச்சியில் கட்டிய கடற்பஞ்சு. இத்தனை இருந்தும், 2016இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று, ரோமானியர் காலத்தில் குடற்புழுக்கள் குறைந்ததாகத் தெரியவில்லை என்கிறது. மனிதக் கழிவை வயலுக்கு உரமாகப் போட்டது ஒரு காரணமாக இருக்கலாம். பல பேர் இறங்கிக் குளித்த வெந்நீர்த் தொட்டி இன்னொன்று. ஆறாத புண்ணோடு குளியல் கூடத்துக்குப் போகாதீர்கள், புண் அழுகிவிடும் என்று ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் அப்போதே தன் மருத்துவ நூலில் எச்சரித்திருக்கிறார். வணக்கம்.