நாலு பேர் அணியில் மற்ற இரண்டு பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் மலையகத்தில், தலவாக்கலை, ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பின்னேரம் மழை விட்டதும் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சிக்னல் பிடிக்கிற அந்த ஒரு வளைவில், இல்லாவிட்டால் கோயில் வாசலில். கையில் போன், அதில் ஃப்ரீ ஃபயர் அல்லது பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை கேம். அதில் நம் பிள்ளைகளுக்கு விழுகிற ஏச்சைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இதெல்லாம் பழக்கமில்லாத பெரியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீ ஃபயரில் வழக்கமாக 50 பேர், பப்ஜி மொபைலில் 100 பேர் ஒரே களத்தில் இறங்குவார்கள். கடைசிவரை மிஞ்சுபவர் வென்றவர். நான்கு பேர் ஓர் அணியாகவும் இறங்கலாம். கூட்டாளிமார் குறைந்தால், முன்பின் தெரியாத ஆட்களைக் கேமே சேர்த்துவிடும். மைக் திறந்திருந்தால் அவர்கள் பேசுவது நேராகப் பிள்ளையின் காதில் விழும். ஏசுகிறவனுக்கு முகமும் இல்லை, ஊரும் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடலாம்.

நம் பிள்ளைகளுக்கு ஏச்சு விழ முதல் காரணம் சிக்னல். பிங், அதாவது சிக்னல் போய்த் திரும்பும் நேரம், 50, 60 மில்லிசெக்கன் என்று இருந்தால் ஆட்டம் தடங்கலில்லாமல் ஓடும். 300ஐத் தாண்டினால், நாம் சுடுவதற்குள் எதிரி சுட்டு முடித்திருப்பான். டவர் ஒரு மலைக்கு அந்தப் பக்கம், நம் லயன் வீடு இந்தப் பக்கம் என்பது நம்மோடு விளையாடுகிறவனுக்கு எப்படித் தெரியும்? விளையாடத் தெரியாதவன் என்ற அர்த்தத்தில் ‘நூப்’ என்று தொடங்கி அம்மாவை இழுப்பதில் முடிப்பான்.

இன்னொரு காரணம் நம் பேச்சு. வாயைத் திறந்ததும், தமிழ் பேசுகிற ஒருவனே ‘தோட்டக்காட்டான்’ என்று தோட்டத்து மக்களை இழிவாகச் சொல்லும் சொல்லால் ஏசுகிறான். வானொலியில் இந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால், அதைக் கேட்டு வாயடைத்துப்போன பிள்ளை தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ளும். நம் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து இங்கே வந்த 200 ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அப்படிப்பட்ட மக்களின் பிள்ளை ஒரு விளையாட்டில்கூடத் தன் பேச்சை மறைக்க வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெண் பிள்ளைகள் நிலை இதைவிட மோசம். குரல் கேட்டதுமே அசிங்கப் பேச்சு தொடங்குவதால், பலர் மைக்கைத் தொடுவதே இல்லை.

சரி, என்ன செய்வது? பதிலுக்கு ஏசாதீர்கள். அவன் எதிர்பார்ப்பதே அதைத்தான். அவனுடைய குரலை மட்டும் மியூட் செய்துவிட்டு விளையாடுங்கள். வரைபடத்தில் குறியிடலாம், தயாராக இருக்கிற குறுஞ்செய்திகளைத் தட்டலாம். குரல் இல்லாமலும் ஆட்டம் நடக்கும். முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட் செய்யுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவசரப்பட்டால் அவன் பெயரே மறந்துபோகும். முக்கியமாக, வாட்ஸ்அப் நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் ஏச்சு வாங்குகிறவர் செய்ய வேண்டியது. ஆனால் அணியில் நாலு பேர் இருக்கிறார்களே. ஒருவன் ஏசுகிறான், ஒருவன் வாங்குகிறான். மற்ற இரண்டு பேர்? நான் முக்கியமாகப் பேச வந்தது அவர்களிடம்தான்.

ஒரு நாள் ஒரு தம்பி விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சிக்னல் விழுந்து அவனுடைய ஆள் சுவரோரமாக அசையாமல் நின்றது. ஒரு குரல் அவன் பேச்சை நெளித்துக் காட்டி, மேலே சொன்ன அதே சொல்லைச் சொன்னது. தம்பி மைக்கை மூடிவிட்டான். காது மடல் சிவந்துவிட்டது. அப்போது அணியிலிருந்த வேறொரு பையன், யாரென்றே தெரியாது, “ஏசாம வெளயாடு, அவனுக்கு நெட் இல்ல” என்றான். அவ்வளவுதான். சண்டையும் இல்லை, புத்திமதியும் இல்லை. ஏசியவன் அடங்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் தம்பி மறுபடியும் மைக்கைத் திறந்து, “வலப்பக்கம் ரெண்டு பேர்” என்றான்.

ஏச்சு வாங்குகிறவன் தனக்காகப் பேசினால் அது வாய்ச்சண்டை ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவன் பேசினால் ஏசுகிறவன் தனித்துப்போவான். ஒவ்வொரு முறையும் அவன் அடங்குவான் என்று நான் சொல்லவில்லை. அடங்காவிட்டால் நீங்களும் ரிப்போர்ட் செய்யுங்கள்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். கொழுந்தெடுத்துக் களைத்து வந்த நேரத்தில் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், உடனே போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லாது. “யார் ஏசினது, என்ன சொன்னான்?” என்று கேளுங்கள். மிரட்டல், படம் கேட்பது, நேரில் வரச் சொல்வது என்று போனால் அது விளையாட்டே இல்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. உடனே அழையுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கஷ்டமான ஒன்று. ஏசுகிறவன் உங்கள் கூட்டாளியாகவே இருந்தால்? கூட வந்த சிங்களப் பிள்ளையையோ இந்தியப் பிள்ளையையோ அவன் ஏசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள். எல்லார் காதிலும் விழ அவனை அவமானப்படுத்த வேண்டாம். மைக்கை மூடிவிட்டு, தோளில் தட்டி, “நிப்பாட்டுடா, இல்லாட்டி நான் வெளயாட வரல்ல” என்று சொல்லுங்கள். சொன்னபடி எழுந்தும் போங்கள்.

நன்றி, வணக்கம்.